ஆசிரியர் வேலைக்கு வெளிநாடு: புறப்படு முன் ஒரு கணக்கு

நமது சமூகத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் ஒரு காலத்தில் சாரதி வேலை, வீட்டு வேலை, கடைச் சிப்பந்தி வேலை என்றுதான் பேச்சு இருந்தது. இப்போது பட்டதாரி ஆசிரியர்களும், டிப்ளோமா முடித்த ஆசிரியைகளும் சான்றிதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து நாட்டை விட்டுச் சென்றவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் படித்தவர்களும், நிரந்தர உத்தியோகத்தில் இருந்தவர்களும் கணிசமானோர். அந்த அலை ஓரளவு அடங்கினாலும், வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக உள்ள என் கடைக்குச் சான்றிதழ் போட்டோ கொப்பி எடுக்க வருகின்ற ஆசிரியர்களின் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

போவது நல்லதா, கெட்டதா என்பது இந்தப் பத்தியின் விடயமல்ல. பெண் தனியே பயணிப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வியாபாரி. வியாபாரியின் பக்கமிருந்து ஒரே ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறேன்: இந்தப் பயணத்தின் வரவு செலவை நம்மில் பலர் பாதியளவுதான் எழுதுகிறார்கள்.

சம்பளமும் வந்து சேரும் தொகையும்

புறக்கோட்டையில் இறக்குமதி வியாபாரம் செய்பவர் எவரும் சீனத்து விலைப்பட்டியலைப் பார்த்து இலாபக் கணக்குப் போடுவதில்லை. கப்பல் கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை, துறைமுகத் தாமதம், லொறிக் கூலி, உடைந்த பொருள் எல்லாம் போக, கடைக்குள் வந்து சேரும்போது ஒரு பொருள் என்ன விலை என்பதே அவருடைய கணக்கு. ஆசிரியர் ஒருவருக்கு வெளிநாட்டுக் கடிதத்தில் எழுதியிருக்கும் சம்பளமும் விலைப்பட்டியல்தான். கொழும்பில் உள்ள வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் உண்மையான சம்பளம்.

இதற்கு மாலைதீவு நல்ல உதாரணம். 1960களின் தொடக்கத்தில் மாலேயில் ஆங்கில மொழிக் கல்வி அறிமுகமான காலத்திலிருந்தே இலங்கை ஆசிரியர்கள் அங்கே போய்ப் படிப்பித்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைந்த விமானப் பயணம். முழுக்க முழுக்க முஸ்லிம் நாடு. பள்ளிவாசலுக்கும் ஹலால் உணவுக்கும் அலைய வேண்டியதில்லை. வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்களம் தெரிந்தவருக்கு திவேஹி மொழி அவ்வளவு அந்நியமும் அல்ல. இந்த வசதிகளைப் பார்த்து மயங்கி, முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்க மறந்து விடுகிறார்கள். சம்பளம் எந்த நாணயத்தில்? அதை டொலராக மாற்றி அனுப்ப முடியுமா?

மாலைதீவில் ஆசிரியர் சம்பளம் ருஃபியாவில்தான். உத்தியோகபூர்வ மாற்று விகிதம் 2011ஆம் ஆண்டிலிருந்து ஒரு டொலருக்கு 15.42 ருஃபியா என்ற எல்லையை ஒட்டியே நிற்கிறது. ஆனால் அந்த விலைக்கு வங்கியில் வேண்டிய அளவு டொலர் கிடைப்பதில்லை. வெளியே அதைவிடக் கூடிய விலை. சுற்றுலாத் துறை ஈட்டும் டொலரில் ஒரு பகுதியை உள்ளூர் வங்கிகளில் மாற்றியே ஆக வேண்டும் என்று 2024இல் அந்நாட்டு அரசு கட்டாயமாக்கிய அளவுக்குத் தட்டுப்பாடு. 2025இல் அங்கிருந்த இந்தியர்கள் வங்கி வழியாக ஊருக்கு அனுப்பக்கூடிய மாதாந்தத் தொகை கடுமையாகக் குறைக்கப்பட்டபோது, கேரளத்திலிருந்து போன ஆசிரியர்கள் உட்படப் பலர் கையில் சம்பளம் இருந்தும் வீட்டுக்கு அனுப்ப வழியில்லாமல் தவித்தார்கள்.

இது புதிய கதையுமல்ல. நமது முந்திய தலைமுறை ஆசிரியர்கள் 1970களிலும் 80களிலும் நைஜீரியாவுக்குப் போனார்கள். எண்ணெய்ப் பணத்தில் அந்த நாடு பாடசாலைகளைப் பெருக்கிய காலம் அது. 1985இல் ஒரு நைரா ஒரு டொலரை விடப் பெறுமதியாக இருந்தது. 1986 செப்டெம்பரில் நாணயத்தின் விலையைச் சந்தைக்கு விட்டார்கள். 1987இல் ஒரு டொலர் வாங்க ஏறத்தாழ 4 நைரா வேண்டியிருந்தது. சம்பளக் கடிதத்தில் ஒரு இலக்கம்கூட மாறவில்லை. ஆனால் அனுப்பிய பணம் நாலில் ஒன்றாகிப் போனது.

வளைகுடா நாடுகளின் நிலை வேறு. சவூதி ரியால் டொலருக்கு 3.75, அமீரக திர்ஹம் 3.67 என்று நீண்ட காலமாக நிலைத்திருப்பவை. எந்த நாளிலும் மாற்றி அனுப்பலாம். அங்கே நாணயத்தை விட வீட்டு வாடகையே பெரிய கேள்வி. மஸ்கட், தோஹா போன்ற நகரங்களில் இலங்கைப் பிள்ளைகளுக்கான பாடசாலைகள் இருப்பதால் நமது ஆசிரியர்களுக்கு அங்கும் இடமுண்டு. ஆனால் வாடகை பாடசாலையின் பொறுப்பா, உங்கள் பொறுப்பா என்பதைப் பொறுத்து, ஒரே சம்பளம் ஒருவருக்கு இலாபமாகவும் இன்னொருவருக்கு நட்டமாகவும் முடியும்.

கொட்டாஞ்சேனைத் தம்பதியின் கணக்கு

சில மாதங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஆசிரியையும் கணவரும் வந்தார்கள். அவர் அரசாங்கப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். கணவருக்குச் சிறிய வியாபாரம். இரண்டு பிள்ளைகள். மாலைதீவில் ஒரு தீவுப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது.

"ஹாஜியார், மூன்று இலட்சம் இருந்தால் போதும்தானே? ஒன்றரை இலட்சம் கையில் இருக்கிறது. மீதிக்கு நகையை அடகு வைக்கலாம் என்று பார்க்கிறோம்" என்றார் கணவர்.

"முதலில் எழுதிப் பார்ப்போம் தம்பி" என்று ஒரு தாளை எடுத்தேன். அன்று எழுதியதைத் தொகைகளை முழு எண்ணாக்கி இங்கே தருகிறேன். இவை அவர்களுடைய நிலைமைக்குப் போட்ட மதிப்பீடு மட்டுமே. வாசகர்கள் தங்கள் தொகைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு, பொலிஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கல்விச் சான்றிதழ்களை உறுதிப்படுத்தல், அதற்காக பத்தரமுல்லைக்கு அலையும் செலவு: 60,000 ரூபா. பணியகப் பதிவும் காப்புறுதியும்: 25,000. விமான டிக்கெட்டும், மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் படகுச் செலவும்: 75,000. முதற் சம்பளம் வரும்வரை அங்கே கைச்செலவு 500 டொலர், அதாவது 150,000. மொத்தம் 310,000. அவர்கள் சொன்ன மூன்று இலட்சம் இதுதான். இதுவரை அவர்களுடைய கணக்கு சரி.

எழுதாமல் விட்டவை இரண்டு. ஆசிரியையின் கையில் வரும் சம்பளம் 65,000 ரூபா. சம்பளமற்ற லீவில் போனால் அது நின்றுவிடும். அங்கே போய் மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்து முதற் பணம் கொழும்புக்கு வர மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் விழும் பள்ளம் 195,000. அடுத்தது, எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாத திரும்பி வரும் காசு: 75,000. ஆக, வேண்டிய மொத்த முதல் 580,000 ரூபா.

"கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டதே!" என்றார் அந்தப் பிள்ளை.

"செலவு கூடவில்லை மகள். முன்பும் இதே செலவுதான். இப்போதுதான் தாளில் வந்திருக்கிறது" என்றேன்.

வரவுப் பக்கம்

சம்பளம் 14,000 ருஃபியா, தங்குமிடம் இலவசம் என்று வைத்துக்கொண்டோம். 15.42ஆல் வகுத்தால் 908 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று பெருக்கினால் 2 இலட்சத்து 72 ஆயிரம். கணவர் மனதில் வைத்திருந்த தொகை இதுதான்.

சாப்பாடு, தொலைபேசி, சில்லறைச் செலவுக்கு 3,500 ருஃபியா போனால் 10,500 மிச்சம். வங்கி வழியாக மாதம் 400 டொலர் அனுப்ப முடியும் என்று எடுத்தால் அதற்கு 6,168 ருஃபியா போகும். வீட்டுக்கு வருவது 120,000 ரூபா. மீதி 4,332 ருஃபியா அங்கேயே தேங்கும். அதை அனுமதியில்லாத ஆட்களிடம் கூடிய விலைக்கு மாற்றுவதோ, உண்டியலில் போடுவதோ சட்டத்துக்கு மாறானது. பணம் காணாமற் போனால் முறையிட இடமுமில்லை. தேங்கும் பணத்தைப் பிறகு மாற்ற முடிந்தால் அது இலாபம். அதுவரை இலாபப் பக்கத்தில் எழுத வேண்டாம். வராத கடனை முதலாக எண்ணி வியாபாரம் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

இனி மீட்சிக் கணக்கு. வரும் 120,000 ரூபாவில் அவர் இங்கே விட்டுப்போகும் 65,000ஐக் கழித்தால், மாதத்துக்கு மேலதிகம் 55,000. திரும்பும் காசு நீங்கலாகச் செலவான முதல் 505,000. அதை 55,000ஆல் வகுத்தால் 9 மாதத்துக்குச் சற்று மேல். முதல் மூன்று மாதக் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு வருடம். அவருடைய ஒப்பந்தமும் ஒரு வருடம்!

அதாவது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் ஒரு வருடம் பிள்ளைகளைப் பிரிந்திருந்து போட்ட முதலை மட்டும் மீட்டுக்கொண்டு வருவார். இலாபம் இரண்டாவது வருடத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆளை வைத்தால், டியூஷன் கூடினால் அது இன்னும் பின்னுக்குப் போகும். இதைப் பார்த்த பிறகு அவர்கள் போகாமல் இருக்க முடிவு செய்யவில்லை. பாடசாலைக்குக் கடிதம் எழுதி இரண்டு வருட ஒப்பந்தமும், விமான டிக்கெட்டும் கேட்டார்கள். டிக்கெட்டைத் தருவதாகப் பதில் வந்தது. ஒப்பந்தம் பற்றிய பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

டொலர் விலையை நம்பி...

2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. அந்த விலையை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கிப் போனவர்கள் உண்டு. 400 டொலர் அன்று 144,000 ரூபா. டொலர் 300க்கு இறங்கியபோது அதே 400 டொலர் 120,000 ரூபா. மாதம் 24,000 குறைந்தது. வாங்கிய ரூபாக் கடன் ஒரு சதமும் குறையவில்லை. ஆகவே இன்றைய விலையை அப்படியே போடாமல், பத்தில் ஒரு பங்கு குறைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கணக்கு நிற்குமானால் புறப்படலாம்.

முதலை எங்கிருந்து எடுப்பது?

வட்டி ஹராம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் கணக்காகப் பார்த்தாலும், வருமானமே இல்லாத முதல் மூன்று மாதமும் அடகு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கணவருக்கும் மாமிக்கும் அந்த வட்டியைக் கட்டுவதே வேலையாகிவிடும். முடிந்தவரை சேமிப்பிலிருந்து எடுங்கள். புறப்படுவதை ஆறு மாதம் தள்ளிப் போட்டுச் சேமிப்பது நட்டமல்ல. குடும்பத்துக்குள் கர்ழன் ஹஸனா கேளுங்கள். வட்டியில்லாமல் ஷரீஆ முறையில் நகையின் மீது பணம் தரும் நிறுவனங்களும் நம் நாட்டில் உண்டு. அவர்கள் எடுக்கும் பாதுகாப்புக் கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்தச் சகோதரனிடம் வாங்கினாலும் எழுதுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரதுல் பகராவின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. நமக்குள் எழுத்து எதற்கு என்று வெட்கப்பட்டு, பிறகு நானாவும் தம்பியும் பேசாமல் போன குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எழுத்தில் கேட்க வேண்டியவை

கையொப்பமிடு முன் பாடசாலையிடம் கேளுங்கள்: சம்பளம் 12 மாதத்துக்கா, பாடசாலை நடக்கும் மாதங்களுக்கு மட்டுமா? நீண்ட விடுமுறையில் சம்பளம் உண்டா? தங்குமிடம் தனி அறையா, பங்கு அறையா? தண்ணீர், மின்சாரம் யார் கணக்கு? போக வர டிக்கெட் யாருடையது? வேலை அனுமதிக் கட்டணத்தை யார் கட்டுவது? இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும்? ஒரு கேள்விக்கு வரும் பதில், மாதம் பத்தாயிரம் இருபதாயிரம் ரூபா பெறுமதியானதாக இருக்கலாம்.

அமீரகத்தில் 2021ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின்படி ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக்கூடாது. வேலை முடிவில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். 'அடிப்படைச் சம்பளம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மொத்தச் சம்பளத்தில் படிகளைக் கூட்டி, அடிப்படையைக் குறைத்து எழுதினால் இந்தத் தொகையும் சுருங்கும்.

அரச ஆசிரியர்கள் இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் வந்த சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி 5 வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக வழி செய்தது. அன்று யாரோ போனார்கள் என்பதை நம்பி இன்று புறப்பட வேண்டாம். இன்று பொருந்தும் விதி என்ன, மாதாந்தம் எவ்வளவு வெளிநாட்டுப் பணம் அனுப்ப வேண்டும், இடர்கடன் தவணையையும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பையும் எப்படிக் கட்டுவது என்பவற்றை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெறுங்கள். லீவு அனுமதி கைக்கு வராமல் போனால், வேலையை விட்டுப் போனதாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. இருபது வருட ஓய்வூதிய உரிமையை ஒரு வருட ஒப்பந்தத்துக்கு விற்பது எந்தக் கணக்கிலும் சேராது.

"முதலில் விசிட் விசாவில் போய் இறங்குவோம், பிறகு வேலை தேடுவோம்" என்பவர்களுக்கு ஒரு சொல். மாலைதீவு வருகிறவர்களுக்கு வாசலிலேயே 30 நாள் சுற்றுலா அனுமதி தருகிறது. அதில் வேலை செய்வது குற்றம். வேலை அனுமதியை முதலாளி எடுத்த பிறகுதான் ஆசிரியராகப் போக வேண்டும். முகவர் ஒருவர் காசு கேட்டால், அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தை வாங்கி, பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அந்த அழைப்பின் செலவு சில ரூபா.

கடைசியாக ஆங்கிலம். மாலைதீவிலும் வளைகுடாவிலும் நமது ஆசிரியர்களுக்கு இடமிருப்பது கணிதம், விஞ்ஞானம், வணிகம், ஆங்கிலம் போன்ற ஆங்கில மொழிமூலப் பாடங்களில்தான். மாலைதீவில் இஸ்லாம், திவேஹி பாடங்களைப் பெரும்பாலும் அந்நாட்டவரே படிப்பிக்கிறார்கள். தமிழ்மொழி மூலம் படித்து, தமிழிலேயே படிப்பித்தவர், புறப்படு முன் ஆறு மாத ஆங்கில வகுப்புக்கான பணத்தையும் செலவுப் பட்டியலில் முதல் வரியாக எழுத வேண்டும். நேர்முகத்தில் தடுமாறினால் கிடைப்பது சிறிய சம்பளம். அந்தச் சிறிய சம்பளம் ஒப்பந்தம் முடியும்வரை கூடவே வரும்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாக எழுதுங்கள். ஒரு பக்கம் போகு முன் வேண்டிய முதல், மறுபக்கம் மாதாமாதம் வீட்டுக்கு வந்து சேரும் தொகை. போகிறவர் மட்டுமல்ல, வீட்டில் இருக்கப் போகும் கணவன் அல்லது மனைவி, உம்மா வாப்பா எல்லோரும் உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே மிச்சம் பிடிப்பவர் ஒருவராகவும், இங்கே என்ன வருகிறதென்று தெரியாமல் செலவழிப்பவர் இன்னொருவராகவும் இருந்தால், ஐந்து வருடம் கழிந்தும் கொப்பியில் மிஞ்சுவது பூச்சியம்தான். ஆசிரியர் தொழில் கண்ணியமான தொழில். அதைத் தேடிக் கடல் கடந்து போகிறவர்களின் ரிஸ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!